ஒன்பதாவது அட்டை

பொறாமைப்பட ஊரில் ஆளா இல்லை? பக்கத்து வீட்டுக்காரன் மேல் படலாம், கூட வேலை பார்க்கிறவன் மேல் படலாம், யாரும் கிடைக்காவிட்டால் மச்சினன் இருக்கவே இருக்கிறான். சிங்காநல்லூர் தண்டபாணிக்குக் கிடைத்தது தண்டபாணி. ஐம்பது வயதில், பம்பு கம்பெனியில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற இடத்தில் இருந்துகொண்டு, அந்த மனுஷன் தன் குரலை நினைத்துத் தானே வயிறெரிந்தார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

அவர் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி, டீத்தூள் கடை மாடியில் ஒரு சங்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு பேர் கூடி மேசைமேல் விமானச் சண்டை ஆடுவார்கள். அறுகோணக் கட்டம் போட்ட நீலத்துணிதான் பலகை, அதுதான் வானம். கட்டைவிரல் நீளத்துக்குப் பழைய காலத்து இரட்டை இறக்கை விமானங்கள், ஒவ்வொன்றும் ஒரு பித்தளைக் கம்பியில் செருகியிருக்கும். கம்பியில் மேலே தள்ளினால் விமானம் உயரே போய்விட்டதாக அர்த்தம், கீழே இறக்கினால் தாழ்ந்துவிட்டதாக. எதிரெதிரே உட்காரும் இரண்டு பேரும் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை ஆளுக்கொரு அட்டையில் எழுதிக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார்கள். கையை எடுத்துவிட்டால் எழுதியது எழுதியதுதான். பிறகு ரெண்டு அட்டையும் ஒன்றாகத் திறக்கும், விமானங்கள் நகரும், மூக்குக்கு நேரே எதிராளி மாட்டினால் பகடை உருட்டிச் சுடலாம். எதிராளி எங்கே இருக்கிறான் என்று பார்த்து எழுதுகிறவன் தோற்பான். அட்டை திறக்கும்போது எங்கே இருப்பான் என்று யோசிக்கிறவன் ஜெயிப்பான். மொத்த வித்தையும் இவ்வளவுதான், அதைப் பதினோரு வருடமாகக் கரைத்துக் குடித்தவர் தண்டபாணி.

சங்கத்தில் ரெண்டு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறவர், கேள்விதான் கேட்கலாம்; இதைச் செய் என்று எந்த நகர்வையும் சொல்லக்கூடாது. சொன்னவரின் நாற்காலி அன்றோடு போய்விடும். இன்னொன்று, சுடப்பட்டு விழுந்தவர் தன் விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, எத்தனையாவது அட்டையில் தப்புப் பண்ணினோம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது, எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் இந்த இடத்தில் எச்சில் விழுங்கியிருக்கிறார்கள்.

இந்தச் சங்கத்தில் ஸ்டெல்லா என்று ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர். தகராறு வந்தால் போட்டுப் பார்க்கலாம் என்று சங்கம் ஒவ்வோர் ஆட்டத்தையும் பேச்சோடு சேர்த்துப் படம்பிடித்து வைத்திருந்தது. அதையெல்லாம் வாங்கிக்கொண்டு போன ஸ்டெல்லா, ரெண்டு வருடம் கழித்து மிளகு அளவில் ஒரு கருவியோடு வந்து நின்றாள்.

"புதுசா ஆடறவங்க இதைக் காதுல மாட்டிக்கணுங்கண்ணா. மேசை விளக்குல இருக்கற கேமரா பலகையைப் பார்க்கும். நீங்களே பக்கத்துல உக்காந்து சொல்லித்தர்ற மாதிரி உங்க குரல் பேசும்."

"என்ற குரலா? நான் வந்து பேசணுமா?"

"நீங்க வரவே வேண்டாம். பதினோரு வருஷமா நீங்க எப்ப என்ன பேசுவீங்கன்னு அதுக்குப் பழக்கியிருக்கேன். இனி அது பாட்டுக்குப் பேசிக்கும்."

தண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். துணி, விமானம், அட்டை, பகடை, விளக்கு, காதுக்கருவி எல்லாம் அடங்கிய பெட்டி தயாரானபோது, மூடியில் 'தண்டபாணி துணை' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. முதல் பெட்டியை அவருக்கே கொடுத்த ஸ்டெல்லா, அவர் போனிலும் ஒன்றைச் செய்துவைத்தாள். விளக்கின் கேமரா பார்ப்பதை அவர் போனிலும் பார்க்கலாம், துணை எங்காவது உளறினால் ஒரு பொத்தானை அழுத்திப் பேசலாம். துணை வாயை மூடிக்கொள்ளும், அவருடைய நிஜக் குரல் அந்தக் காதில் கேட்கும். "உங்க வீட்டுப் பெட்டிக்கு மட்டுந்தாங்கண்ணா, சோதிச்சுப் பார்க்கறதுக்கு" என்றாள். பெட்டி ஷோகேஸின் மேல் தட்டில் ஏறியது. வந்தவர்களுக்கெல்லாம் பெட்டியையும் போன் பொத்தானையும் காட்டினார்.

அதைக் கீழே இறக்கியது மேகலா.

மேகலா அவர் மனைவி. ஒரு லேபில் பல் செட் செய்கிற வேலை. கடுகத்தனை பல்லைக்கூட ராவி ராவிச் சரிபண்ணுகிற கை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் விமானத்தைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அவர் சங்கத்தில் சேர்ந்த புதிதில் ஒருநாள், எனக்கும் சொல்லிக்கொடுங்களேன் என்று உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் தண்டபாணி பலகையை மடித்துவிட்டார். "இதெல்லாம் உனக்கு வராது மேகலா, விடு." அவர் அன்றைக்கே மறந்துபோனார். மகன் திருச்சிக்குப் படிக்கப் போனபின், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவள் என்ன செய்கிறாள் என்று அவருக்கு யோசிக்கவும் தோன்றியதில்லை.

ஒரு ஞாயிறு மதியம் சங்கத்திலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மேகலா சிரிக்கிறாள். எதிராளியே இல்லாமல் சாப்பாட்டு மேசையில் நீலத்துணியை விரித்து, ரெண்டு பக்கமும் அவளே அட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள். சாம்பார் அடுப்பில் தளதளக்கிறது, அவளுக்கு அது காதில் விழவில்லை.

"யாருகூடப் பேசிட்டிருக்கற?"

"உங்ககூடத்தானுங்க" என்றாள், நிமிராமல். பிறகு காதில் கேட்ட எதற்கோ, "அப்படிங்களா? அட, அதை நான் நினைக்கவே இல்லீங்க" என்றாள்.

அந்த 'அப்படிங்களா' தண்டபாணியைச் சுருக்கென்று குத்தியது. அந்த ஆர்வத்தோடு அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசி எத்தனை வருடமாகியிருக்கும்? கம்பெனிக் கதை சொன்னால் 'ம்' என்பாள். டாக்டர் சொன்னதைச் சொன்னால் 'ம்' என்பாள். இங்கே அவருடைய குரலுக்கே அவள் கன்னம் சிவக்கச் சிரிக்கிறாள், அவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

நாளாக நாளாக அது முற்றியது. லேபிலிருந்து வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போய்விடுவாள். தனக்கென்று ஒரு விமானத்தை எடுத்து, பல் செட்டில் ஈறுக்குப் பூசுகிற ரோஸ் நிறத்தை அதற்குப் பூசினாள். "நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டாள். தண்டபாணி பேப்பரை இறக்கிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், அவள் கேட்டது தன்னையில்லை என்று புரிந்துபோயிற்று. அந்தக் கணத்தில் அந்த மிளகுக் கருவியை அம்மியில் வைத்து நசுக்கியிருப்பார்.

ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் கருவியை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். வேண்டுமென்றே ஒரு விமானத்தைத் தப்பான இடத்தில் நிறுத்தினார்.

"பரவாயில்லீங்க, இப்படித்தான் எல்லாருக்கும் ஆகும்" என்றது அவர் குரல். "எனக்கே ஒரு வருஷம் ஆச்சு. எதிர்ல இருக்கறவரு இப்ப என்ன நினைக்கறாருன்னு உங்களுக்குத் தோணுது? அவசரமில்லீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவைத் தேடிப் போனார்.

"நீ என்னமோ சேர்த்திருக்கற. தேன் தடவுன மாதிரி பேசுது. நான் அப்படி ஆளில்ல, என்ற வீட்ல வந்து கேட்டுப்பாரு."

ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் ஒரு பழைய படத்தை ஓடவிட்டாள். ஒல்லியான ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் தண்டபாணி. பையன் ஏழாவது தடவையாக ஒரே தப்பைப் பண்ணுகிறான். "அவசரமில்லீங்க தம்பி. யோசிச்சுச் சொல்லுங்க" என்கிறார் தண்டபாணி. இன்னொரு படம், இன்னொரு ஆள். அதே வார்த்தை, அதே குழைவு.

"நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கலீங்கண்ணா. புதுசா வர்ற அத்தனை பேர்கிட்டயும் நீங்க இப்படித்தான் பேசியிருக்கீங்க. அதனாலதான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன்." கொஞ்சம் தயங்கி, "நான் முதல் நாள் வந்தப்பவும் இப்படித்தான் பேசினீங்க. அன்னைக்கு அப்படிப் பேசலீன்னா ரெண்டாவது நாள் வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

வேறு ஒருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். தண்டபாணிக்கு வயிற்றெரிச்சல் இன்னும் கூடத்தான் செய்தது. ஊரில் போகிற வருகிறவனுக்கெல்லாம் தானம் பண்ணிய நல்ல தண்டபாணி ஒருத்தன் இருந்திருக்கிறான், அவன் இப்போது தன் வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டு தன் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிறான். அவனைப் போடா என்று சொல்லவும் முடியாது.

சரி, நாமே சொல்லிக்கொடுத்துவிட்டால் போயிற்று என்று மறுநாள் எதிரே உட்கார்ந்தார். "அந்தக் கருவியைக் கழட்டு. நான்தான் இருக்கறேனே." மேகலா கழற்றினாள். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். பத்தாவது நிமிடம் அவள் கம்பியில் உயரத்தை மாற்ற மறந்தாள், பதினைந்தாவது நிமிடம் மறுபடி மறந்தாள். "எத்தனை தடவைடி சொல்றது? கண்ணு எங்க இருக்குது உனக்கு?" என்று தண்டபாணி மேசையில் தட்டினார். ரோஸ் விமானம் குப்புற விழுந்தது. மேகலா அதை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுக் கருவியைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டாள். அந்த வெளிச்சமும் போய்விட்டது.

நாலு மாதம் கழித்து, சங்கத்தில் ஒருவர் ஓசூருக்கு மாற்றலாகிப் போனதில் ஒரு நாற்காலி காலியானது. சங்கத்தில் பன்னிரண்டு நாற்காலிதான், பதின்மூன்றாவது கிடையாது. மேகலாவும் ஜெகந்நாதன் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரும் பேர் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஆட வேண்டும், ஜெயிக்கிறவருக்கு நாற்காலி. புதியவர்கள் துணையைக் காதில் மாட்டிக்கொள்ளலாம், அது கேள்விதானே கேட்கும். தோற்கிறவர் அடுத்து யாராவது ஊரைவிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அது ஐந்து வருடமும் ஆகலாம்.

மேகலா அந்த நாற்காலிக்கு ஒரு சின்ன மெத்தைகூடத் தைத்து வைத்துவிட்டாள். பழைய சுடிதார்த் துணியில். தண்டபாணி அதை பீரோவில் பார்த்தார். வாராவாரம் பன்னிரண்டு பேர் நடுவில் அவள் உட்கார்ந்து, காதில் கேட்கிற அவனோடு சிரித்துக்கொண்டிருப்பாள், எதிரே நான் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும் என்று அவர் மனதில் ஒரு படம் ஓடியது. அந்தப் படம் அவரை விடவில்லை. துணை சொன்னதைக் கேட்டு அவள் ஒரே ஒரு தடவை எல்லோர் முன்னாலும் விழுந்தால் போதும், அதன்மேல் இருக்கிற பிரியம் விட்டுப்போகும். அவர் நினைத்தது இதைத்தான். பிறகு எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் அதற்கு வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

ஆட்டத்தன்று மனைவியின் மேசைப் பக்கம் நிற்பது முறையில்லை என்று சொல்லிவிட்டுத் தண்டபாணி மாடிப்படியில் போய் நின்றுகொண்டார். எல்லோரும் பெரிய மனசு என்றார்கள். கையில் போன், அதில் மேகலா வீட்டுப் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த மேசை விளக்கின் கண்வழியே பலகையும் அவள் முகமும் தெரிந்தன.

மேகலா நன்றாக ஆடினாள், அவருக்கே ஆச்சரியம். எட்டு அட்டை முடிந்தபோது ரோஸ் விமானம் உயரே இருந்தது, ஜெகந்நாதனுடையது அதற்கு முன்னால் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. ஏறி ஏறி அவள் விமானத்தில் வேகம் குறைந்திருந்தது. நேரே கீழே பாய்ந்தால் வேகமும் வரும், எதிராளியும் மூக்குக்கு நேரே மாட்டுவார். ஒன்பதாவது அட்டையில் அதை எழுதினால் ஆட்டம் முடிந்தது. மாறாக ஏறினால் விமானம் அந்தரத்தில் நின்றுபோகும். நின்றுபோன விமானம் அடுத்த அட்டையில் ஒன்றும் செய்ய முடியாது, நேராக விழத்தான் வேண்டும்.

மேகலா எதையோ கேட்டு லேசாகச் சிரித்தாள். அவன் கேட்டிருப்பான், எதிர்ல இருக்கறவரு என்ன நினைக்கறாருன்னு தோணுது என்று. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தண்டபாணியின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது.

"இடது பக்கம் திரும்பி மேலே ஏறுங்க. அதை எழுதுங்க" என்றார், முடிந்தவரை குழைவாக.

திரையில் மேகலாவின் பேனா நின்றது. காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தண்டபாணி விட்டுப்போன காலி நாற்காலியைப் பார்த்தாள், மாடிப்படிப் பக்கம் ஒருதரம் தலையைத் திருப்பினாள். பிறகு எழுதிக் கவிழ்த்து உள்ளங்கையை வைத்தாள். அந்தக் கை ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. எடுத்தாள்.

அட்டைகள் திறந்தன. ரோஸ் விமானம் இடது பக்கம் திரும்பி ஏறி, நின்றது. ஜெகந்நாதன் வளைந்து திரும்பினார், பத்தாவது அட்டையில் பகடையை உருட்டினார். அவ்வளவுதான்.

மேகலா விமானத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒன்பதாவது அட்டை" என்றாள்.

"அங்க நேரா இறங்கியிருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க? ஏன் ஏறுனீங்க?" என்று ஜெகந்நாதனே ஆற்றாமையோடு கேட்டார்.

"எண்ணை மட்டுந்தானுங்களே சொல்லணும்" என்றாள் மேகலா.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரெண்டு தெருவும் ரெண்டு மைலாக நீண்டன. தண்டபாணி எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. இருந்தாலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"அந்தத் துணை ஏதாச்சும் தப்பாச் சொல்லிருச்சா? அதுக்குத்தான் மெஷினை நம்பக்கூடாதுங்கறது."

"அது தப்பாச் சொல்லாதுங்க" என்றாள் மேகலா, கருவியைக் கழற்றிக்கொண்டே. "அது எதையுமே சொல்லாது. கேட்கத்தான் செய்யும். இந்த நாலு மாசத்துல ஏறு, இறங்குன்னு ஒரு தடவை சொன்னதில்ல. ஒன்பதாவது அட்டைக்கு மட்டுந்தான் சொல்லுச்சு."

தண்டபாணி தண்ணீர்ச் சொம்பை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"நீங்கன்னு உடனே தெரிஞ்சுபோச்சுங்க."

"தெரிஞ்சுமா எழுதுன?" என்றார் தண்டபாணி.

"ஏறுனா நின்னுபோகும்னு எனக்குத் தெரியும். துணை அதைத்தான் முதல் வாரமே யோசிக்க வெச்சுது." அவள் பேச்சில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஆனா நீங்க சொல்றீங்களே. பதினோரு வருஷம் ஆடுனவரு, நாற்காலி போனாலும் போகட்டும்னு படியில நின்னுக்கிட்டு எனக்காக ஒரு வழி சொல்றீங்க. எனக்குத் தெரியாதது என்னமோ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நானு ஜெயிக்கணும்னு நீங்க நினைச்சீங்களேன்னு சந்தோஷமா இருந்துச்சு. அப்படிச் சொல்றப்ப கேக்காம எப்படிங்க இருக்கறது?"

"அங்கயே சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும்."

"சொன்னா உங்க நாற்காலி போயிருக்கும்ங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு இருக்குது."

அவள் கருவியைப் பெட்டியில் போட்டு மூடினாள். தண்டபாணி துணை என்கிற எழுத்து மேலே தெரிந்தது. ரோஸ் விமானத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஈறு நிறம் உரிந்திருந்த இடத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள்.

தண்டபாணிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் எவனைப் பார்த்து எரிந்தோமோ அவன் அவளை ஒருதரமும் கீழே தள்ளவில்லை, தள்ளியது நான்தான் என்று உறைத்தது. எழுந்து போய்த் தன் சாம்பல் நிற விமானத்தை எடுத்துவந்தார். பதினோரு வருடமாக ஆடுகிற விமானம். அவள் முன்னால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சங்கத்துல நடந்ததைச் சொல்லிர்றேன். நான் எந்திரிச்சுக்கறேன். அந்த நாற்காலியை உனக்குக் குடுக்கச் சொல்லிக் கேக்கறேன்."

"நாற்காலியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் மேகலா. கவிழ்ந்து கிடந்த விமானத்தைப் பார்த்தாள். "விழுந்தவரு எண்ணைச் சொல்லணும்ங்க. எத்தனையாவது அட்டை?"

ஒன்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது பொய் என்று நாக்கிலேயே தெரிந்தது. ஒன்பதுக்கு முன்னால் அந்த மேசைத் தட்டல் இருந்தது. அதற்கு முன்னால் பதினோரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அதற்கும் முன்னால் எங்கேயோ அரைமணி நேரத்தில் மடித்த ஒரு பலகை இருந்ததே, அன்றைக்கு அவளிடம் என்ன சொன்னோம் என்று தேடித் தேடிப் பார்த்தார். எவ்வளவு தேடியும் நினைவுக்கு வரவில்லை.

மேகலா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவசரமில்லீங்க" என்றாள். "யோசிச்சுச் சொல்லுங்க."